மூன்று பத்து

டெலீட் பொத்தானை விடாமல் தட்டினால்
நீலத் திரை வரும்.
அதில் இருநூறு என்றிருந்ததை
இருநூற்று நாற்பது ஆக்கினேன்.

பெருக்கும் எண் பதினான்கு.
அதைத் தொட முடியாது, செய்தவர்களே பூட்டி அனுப்பிவிட்டார்கள்.
பாதையைத்தான் விரட்ட முடியும்.
பாதை விரைந்தால் அதன்மேல் நிற்கிற அத்தனை பேரும் விரையவேண்டும்,
கேட்டா விரைகிறார்கள்.
ரேமுக்கு மூச்சு வாங்கும், அதனால் அதற்கு மட்டும்
ஐந்துக்கு நான்கு என்று ஒரு படி இறக்கிக் கொடுத்தேன்.
பிசிஐயை முப்பத்து மூன்றில் கட்டிப்போட்டேன்.
அது அவிழ்ந்தால் ஹார்ட் டிஸ்க் உளறும்.
உளறினால் கல்யாணம் போயிற்று.

கல்யாணம் மரிய ஷோபிக்கும் கிளாட்வினுக்கும்.
ஐந்தேகால் மணி நேரப் படம்.
சனிக்கிழமை மாப்பிள்ளைக்கு மஸ்கட் விமானம்,
டிவிடி அவன் பெட்டியில் ஏறவேண்டும்.
இருநூறில் ஓட்டினால் பதினேழு மணி நேரம்.
நாற்பதில் பதினான்கு:
மாலை ஆறுக்கு ஏற்றினால்
காலை எட்டுக்கு, கடை திறக்கையில், முடியும்.
கணக்கு என்னவோ சரிதான்.
ஞாயிறு பகல் முழுக்க பகா எண்களைத் தேடவிட்டுச் சோதித்தேன்,
ஒரு பிழை இல்லை.

செவ்வாய் இரவு மூன்று பத்துக்குத் திரை உறைந்தது.
கேக் ஓர் அங்குலத் தொலைவில்,
கிளாட்வின் வாய் திறந்தபடி.

புதன், இருநூற்று முப்பத்தாறு.
வோல்டேஜை ஒரு பொடி கூட்டி,
மூடியைக் கழற்றி, மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பினேன்.
நான் வியர்த்தேன், அது அறுபத்தொரு டிகிரியில் சுகமாக ஓடியது.
மூன்று பத்து.
இந்த முறை கத்தி கேக்கின்மேல்.

வியாழன், முப்பது.
மேடை ஏறவே இல்லை அவர்கள்.
நான் குறைக்கக் குறைக்க
கல்யாணம் பின்னால் போய்க்கொண்டிருந்தது.
மணி மட்டும் நகரவில்லை.

சிலிக்கானுக்கு மணி பார்க்கத் தெரியாது.
இது எனக்கு உறைக்க மூன்று இரவு.

டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.
குளச்சலில் அந்த நேரத்துக்கு
நாய்களும் ஐஸ் பிளான்டும்தான் விழித்திருக்கும்.
ததேயுஸ் பனியனோடு நின்றார், காதில் பஞ்சு.
"ரெண்டாவது கம்ப்ரசர் மோளே, ஈஸ்டர் கழிஞ்சு வாங்கினது.
மூணு பத்துக்குப் போட்டாத்தான்
அஞ்சு மணிக்குப் போட்டுக்காரங்களுக்குக் கட்டி ஆவும்."
கொஞ்சம் தள்ளிப் போட முடியாதா என்றேன்.
"மீனுக்கிட்ட கேளு" என்று சிரித்தார்.

அவரும் எதையோ கூட்டி வைத்திருந்தார்.
நீலத் திரை இல்லை, துருப்பிடித்த ஒரு கைப்பிடி மட்டும்.
அவருக்கு உறையவேண்டும்,
எனக்கு உறையக்கூடாது,
இருவருக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர்.

வெள்ளி மாலை
வீட்டு ஃபிரிட்ஜிலிருந்து ஸ்டெபிலைசரைக் கழற்றி
இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தேன்.
அம்மா கத்தினாள், உள்ளே ஒரு கிலோ நெத்திலி.
ததேயுஸ் சாக்கில் பொதிந்து அரைக்கட்டி ஐஸ் கொடுத்தனுப்பினார்,
காசு வாங்கவில்லை.

மீண்டும் இருநூற்று நாற்பது.
ரேம் அப்படியே, பிசிஐ அப்படியே.
கூட்டியிருந்த வோல்டேஜையும் திருப்பி எடுத்துவிட்டேன்,
அது கேட்டதே இல்லை.

மூன்று ஒன்பதுக்கு எழுந்து நின்றேன்.
கீழே கம்ப்ரசர் செருமிக்கொண்டு எழுந்தது.
ட்யூப்லைட் மங்கியது.
மேசைக்கடியில் ஸ்டெபிலைசர் 'டக்' என்றது, இன்னொரு 'டக்'.
அறுபத்து நான்கு விழுக்காடு.
அறுபத்து நான்கு.
அறுபத்து ஐந்து.

கிளாட்வின் வாயை மூடினான்.
மென்றான்.
உதட்டோரம் ஒட்டிய கிரீமை
மரிய ஷோபி கைக்குட்டையால் துடைத்ததை
அப்போதுதான் முதல்முறை பார்த்தேன்.